நியூஜெர்சியா பென்சில்வேனியாவா: வீடு மாறுறதுக்கு முன்னாடி ஸ்கூலையும் செலவையும் எப்படி ஒப்பிட்டுப் பாக்கறது

நாங்க நியூஜெர்சில பிளெயின்ஸ்பரோல ஒன்பது வருஷம் இருந்துட்டு, டெலவேர் ஆத்தைத் தாண்டி பென்சில்வேனியால பக்ஸ் கவுண்டி பக்கம் வந்தோம். வந்ததுல இருந்து மாசத்துக்கு ரெண்டு பேராவது போன் பண்ணி "அங்க டேக்ஸ் கம்மியாமே, ஸ்கூலும் நல்லா இருக்காமே, நாங்களும் வந்துடலாமா"ன்னு கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு மணி நேரம் சொல்றதை இங்க எழுதி வெச்சிடறேன்.

முதல்ல ஒண்ணு. "நியூஜெர்சி எப்படி, பென்சில்வேனியா எப்படி"ன்னு மாநிலத்தை மாநிலத்தோட ஒப்பிட்டா பதிலே கிடைக்காது. நீங்க இப்ப இருக்கற ஒரு வீட்டு அட்ரஸ், போகப் போற ஒரு வீட்டு அட்ரஸ், அதே மாதிரி உங்க குழந்தை இப்ப படிக்கற கிளாஸ், அது அடுத்த நாலு வருஷம் படிக்கப் போற கிளாஸ், இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு ஷீட் போடுங்க, அதான் கணக்கு. நாங்க மொதல்ல மாநில சராசரியைப் பாத்துத்தான் ஆரம்பிச்சோம், ரெண்டு மாசம் வீணாப் போச்சு.

அட்ரஸ்னு சொல்றப்பவே ஒரு விஷயம். தபால்ல எழுதற ஊர் பேரை வெச்சு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டை (ஒரு ஏரியாவோட அரசுப் பள்ளிங்களை நடத்தற நிர்வாகம்) முடிவு பண்ணாதீங்க. நியூஜெர்சில "பிரின்ஸ்டன்"னு அட்ரஸ் இருக்கும், ஆனா வீடு வெஸ்ட் விண்ட்சர்லயோ சவுத் பிரன்ஸ்விக்லயோ லாரன்ஸ்லயோ இருக்கும், குழந்தை பிரின்ஸ்டன் ஸ்கூலுக்குப் போகாது. பென்சில்வேனியால எக்ஸ்டன்னு போட்டிருக்கற வீடு வெஸ்ட் ஒயிட்லேண்ட் டவுன்ஷிப்ல இருந்தா வெஸ்ட் செஸ்டர் ஏரியா டிஸ்ட்ரிக்ட், யூக்லன் டவுன்ஷிப்ல இருந்தா டவுனிங்டவுன் டிஸ்ட்ரிக்ட். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு ரோடுதான் இருக்கும். அதனால வீட்டை விக்கற வெப்சைட்ல போட்டிருக்கற ஸ்கூல் பேரை நம்பாம, டிஸ்ட்ரிக்ட் ஆபீசுக்குப் போன் பண்ணி கதவு நம்பரோட சொல்லி, எலிமெண்டரி மிடில் ஹைஸ்கூல் மூணும் எதுன்னு கேளுங்க, முடிஞ்சா ஈமெயில்ல பதில் வாங்குங்க. கூடவே "எந்தத் தெரு எந்த ஸ்கூலுக்குங்கற எல்லைய அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல மாத்தப் போறீங்களா"ன்னும் கேளுங்க, ஏன்னா புது வீடுங்க நிறைய கட்டற இடத்துல ஸ்கூல் நிரம்பி வழியும், அப்ப எல்லைய மாத்தித்தான் போடுவாங்க. போர்டு மீட்டிங் மினிட்ஸ் எல்லாம் டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்லயே இருக்கும், ஒரு சாயங்காலம் உக்காந்து படிச்சிங்கன்னா எந்த ரியல் எஸ்டேட் ஏஜெண்டும் சொல்லாதது தெரியும்.

இப்ப வருமான வரி. இதுலதான் எல்லாரும் தப்புக் கணக்கு போடறாங்க, நானும் போட்டேன். பென்சில்வேனியால வருமான வரி எல்லாருக்கும் ஒரே 3.07 சதவீதம். நியூஜெர்சில 1.4ல ஆரம்பிச்சு 10.75 வரைக்கும் படிப்படியா ஏறும். இதைக் கேட்டதும் "அப்ப பென்சில்வேனியாதான் லாபம்"னு தோணும். ஆனா பென்சில்வேனியால பெரும்பாலான டவுன்ஷிப்ல லோக்கல் ஏர்ண்டு இன்கம் டேக்ஸ்னு (சம்பாத்தியத்து மேல உள்ளூர்ல போடற வரி) தனியா ஒண்ணு இருக்கு, நிறைய இடத்துல 1 சதவீதம், அதையும் சேத்தா 4.07. இன்னொண்ணு, நீங்க 401கே-ல (கம்பெனி மூலமா ரிட்டையர்மெண்டுக்குச் சேக்கற கணக்கு) போடற பணத்துக்கு நியூஜெர்சி அந்த வருஷம் வரி போடாது, பென்சில்வேனியா போடும், லோக்கல் வரியும் அதுக்கு உண்டு. (ரிட்டையர் ஆனப்புறம் எடுக்கறப்ப பென்சில்வேனியா வரி போடாதுங்கறதையும் சொல்லணும், அம்பது வயசு தாண்டினவங்களுக்கு அது பெரிய விஷயம்.)

ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம். புருஷன் பொண்டாட்டி சேர்ந்து பைல் பண்றாங்க, மொத்த சம்பளம் 180,000 டாலர், அதுல ரெண்டு பேரும் சேர்த்து 30,000 டாலர் 401கே-ல போடறாங்க. நியூஜெர்சி கணக்குல மிச்சம் 150,000, அதுக்கு வரி சுமார் 5,500 வரும், குடும்பத்துக்கான கழிவுகளும் வீட்டு வரிக்கான கழிவும் போனா இன்னும் குறையும். பென்சில்வேனியால முழு 180,000க்கும் 4.07 சதவீதம், 7,300க்கு மேல. அதாவது நியூஜெர்சிதான் கிட்டத்தட்ட 1,800 டாலர் கம்மி! நிறைய பேர் இதை நம்பவே மாட்டேங்கறாங்க, நீங்களே போட்டுப் பாருங்க. சம்பளம் இன்னும் மேல போகப் போகத்தான் பென்சில்வேனியா பக்கம் லாபம் திரும்பும், ஏன்னா நியூஜெர்சில சேர்ந்து பைல் பண்றவங்களுக்கு 150,000க்கு மேல ஒவ்வொரு டாலருக்கும் 6.37 சதவீதம், 500,000க்கு மேல 8.97.

எங்க வேலை பாக்கறீங்கங்கறதும் முக்கியம். நியூஜெர்சிக்கும் பென்சில்வேனியாக்கும் நடுவுல ஒரு ஒப்பந்தம் இருக்கு, சம்பளத்துக்கு எந்த மாநிலத்துல குடியிருக்கீங்களோ அங்க மட்டும் வரி கட்டினா போதும், ஆனா ஆபீஸ்ல அதுக்கான ஃபார்ம் குடுக்கணும், பென்சில்வேனியால இருந்து நியூஜெர்சிக்கு வேலைக்குப் போறவங்களுக்கு அது என்ஜே-165. நியூயார்க் சிட்டில வேலைன்னா இந்த ஒப்பந்தம் கிடையாது, நியூயார்க்குக்குத்தான் முதல்ல வரி, அப்புறம் அங்க கட்டினதை வீட்டு மாநில வரில கழிச்சுக்கணும் (கிரெடிட்), அதனால "பென்சில்வேனியா 3.07"ங்கறது உங்களுக்கு பெருசா ஒண்ணும் தராது. பிலடெல்பியா சிட்டிக்குள்ள வேலைன்னா வெளியூர்க்காரங்களுக்கும் வேஜ் டேக்ஸ் (சிட்டி சம்பளத்து மேல போடற வரி) 3 சதவீதத்துக்கு மேல, மாநில ஒப்பந்தம் இதைத் தடுக்காது.

எங்களுக்கு நடந்ததையும் சொல்லிடறேன். என் கம்பெனி நியூஜெர்சில இருக்கறதால பென்சில்வேனியா லோக்கல் வரிய சம்பளத்துல பிடிக்கல. நானும் அப்படி ஒரு வரி இருக்கறதையே கவனிக்கல. அடுத்த வருஷம் மொத்தமா கட்டச் சொல்லி லெட்டர் வந்துச்சு, அபராதமும் வட்டியும் சேத்து. கம்பெனி பிடிக்கலைன்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை நாமளே கட்டணும்னு அப்புறம்தான் தெரிஞ்சது. நீங்க பாக்கற வீட்டுக்கு லோக்கல் வரி எவ்வளவுன்னு மாநில அரசோட வெப்சைட்லயே அட்ரஸ் போட்டுத் தேடலாம், லோக்கல் வரிக்கு எந்த ஏரியான்னு காட்டற ஆறு இலக்க பிஎஸ்டி கோடும் அங்கயே கிடைக்கும். சில டவுன்ஷிப்ல இந்த வரியே கிடையாது, அது தெரிஞ்சா வீடு தேடற ஏரியாவே மாறும்.

சரி, அப்ப பென்சில்வேனியால எங்கதான் மிச்சம்னா, வீட்டு வரி. நியூஜெர்சில வீட்டு வரி நாட்டுலயே அதிகம், 2024ல சராசரி பில்லே 10,000 டாலரைத் தாண்டிடுச்சு. நல்ல ஸ்கூல் இருக்கற டவுன்ல அதுக்கும் மேலதான். பென்சில்வேனியால கவுண்டி, டவுன்ஷிப், ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்னு மூணு பங்கா வரும், அதுல பெரிய பங்கு ஸ்கூலுக்கு. இதுல ஏமாறக் கூடிய இடம் ஒண்ணு இருக்கு, வருஷ ஆரம்பத்துல வர்ற கவுண்டி டவுன்ஷிப் பில்லை மட்டும் பாத்துட்டு "அட இவ்வளவுதானா"ன்னு சந்தோஷப்படுவாங்க, ஜூலைல ஸ்கூல் பில் தனியா வரும், அதான் நிஜம். சீக்கிரம் கட்டினா 2 சதவீதம் தள்ளுபடி, லேட்டானா 10 சதவீதம் அபராதம். லிஸ்டிங்ல இருக்கற "அசெஸ்டு வேல்யூ"வை (வரிக்காகப் போட்ட வீட்டு மதிப்பு) ரெண்டு மாநிலத்துக்கும் ஒப்பிடவே கூடாது, பக்ஸ் கவுண்டில கடைசியா மதிப்பீடு பண்ணது 1972ல, அந்த நம்பருக்கும் இன்னைக்கு விலைக்கும் சம்பந்தமே இல்ல. போன வருஷம் அந்த வீட்டுக்குக் கட்டின மொத்த பில் எவ்வளவு, மூணும் சேத்துச் சொல்லுங்கன்னு மட்டும் கேளுங்க. புதுசா கட்டற வீடுன்னா இன்னும் உஷார், முதல்ல வெறும் மனைக்கு உண்டான வரிதான் காட்டும், வீடு முடிஞ்சதும் ஏறும்.

ஒரே அளவு வீடு, நியூஜெர்சில வரி 13,000, பென்சில்வேனியால 8,500னு வைங்க. வருஷம் 4,500 மிச்சம், மேல சொன்ன வருமான வரி 1,800 அதிகம், அப்ப நிகர மிச்சம் 2,700. இது பாதி உண்மைதான், இன்னும் இருக்கு. வாடகைக்கு இருக்கறவங்க இந்தக் கணக்கைத் தலைகீழாத்தான் பாக்கணும், ஏன்னா லோக்கல் வருமான வரி வாடகைக்கு இருந்தாலும் உண்டு, வீட்டு வரி மிச்சம் உங்க கைக்கு நேரா வராது. பெடரல்ல மாநில, லோக்கல் வரிக்கான கழிவு 10,000 டாலரோட நின்னுட்டு இருந்தது, 2025ல அதை 40,000 வரைக்கும் உயர்த்தினாங்க (வருமானம் ரொம்ப அதிகமானா குறையும்), அதனால நியூஜெர்சி வரியோட வலி ஐட்டமைஸ் பண்றவங்களுக்கு (கழிவுகளை ஒவ்வொண்ணா எழுதிக் கழிக்கறவங்க) கொஞ்சம் குறைஞ்சிருக்கு, பழைய ஷீட் வெச்சிருந்தா திருப்பிப் போடுங்க.

வீடு வாங்கறப்ப பென்சில்வேனியால பல இடத்துல 2 சதவீதம் டிரான்ஸ்பர் டேக்ஸ் (வீடு கை மாறறதுக்கான வரி), வழக்கமா வாங்கறவரும் விக்கறவரும் பாதிப் பாதி. நியூஜெர்சி வீட்டை வித்துட்டு வர்றவங்க "எக்ஸிட் டேக்ஸ்"னு பயந்துட்டு கேப்பாங்க. அப்படித் தனியா ஒரு வரி கிடையாது. வேற மாநிலத்துக்குப் போனவர் வீட்டை விக்கறப்ப லாபத்துக்கான வரிய முன்கூட்டியே பிடிச்சு வெப்பாங்க, குறைஞ்சது விலைல 2 சதவீதம், அதை ரிட்டர்ன் பைல் பண்றப்ப சரிக்கட்டிக்கலாம். இன்னும் நியூஜெர்சில குடியிருக்கறப்பவே வித்துட்டா அதுக்கான ஃபார்மைக் குடுத்து இதைத் தவிர்க்கலாம்.

சின்னச் செலவுகளை ஓட்டமா சொல்றேன். சேல்ஸ் டேக்ஸ் 6.625க்கும் 6க்கும் பெரிய வித்தியாசம் இல்ல, துணிக்கும் மளிகைக்கும் ரெண்டு இடத்துலயும் வரி கிடையாது. கார் இன்ஷூரன்ஸ் பென்சில்வேனியால எங்களுக்குக் குறைஞ்சது, ஆனா "லிமிடட் டார்ட், ஃபுல் டார்ட்"னு கேப்பாங்க, விலை கம்மின்னு லிமிடட் எடுத்தா விபத்துல வலி வேதனைக்கு நஷ்ட ஈடு கேக்கற உரிமைய பெரும்பாலும் விட்டுக்குடுக்கறீங்க, புரிஞ்சு எடுங்க. பென்சில்வேனியால காருக்கு வருஷா வருஷம் கராஜ்ல காசு குடுத்து இன்ஸ்பெக்ஷன், நியூஜெர்சில ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அரசு ஸ்டேஷன்ல இலவசம். பெட்ரோல் நியூஜெர்சில கம்மி. குப்பை எடுக்கறது நியூஜெர்சில பல டவுன்ல வரிக்குள்ளயே வந்துடும், பென்சில்வேனியால பல டவுன்ஷிப்ல நாமளே கம்பெனி பிடிச்சுக் காசு கட்டணும். கிணத்துத் தண்ணியும் செப்டிக் டேங்கும் உள்ள வீடா இருந்தா ரெண்டையும் தனியா டெஸ்ட் பண்ணாம வாங்காதீங்க, ரேடான் (மண்ணுல இருந்து வீட்டுக்குள்ள வர்ற கதிரியக்க வாயு) டெஸ்டும்தான்.

இப்ப ஸ்கூல், நான் ரொம்ப நேரம் செலவழிச்சது இங்கதான். மாநிலம் வெக்கற பரீட்சைல நியூஜெர்சி பசங்க எழுதறது என்ஜேஎஸ்எல்ஏ, பென்சில்வேனியா பசங்க எழுதறது பிஎஸ்எஸ்ஏ. ரெண்டும் வேற வேற பரீட்சை, பாஸ் மார்க்கும் வேற. அதனால "இங்க 70 சதவீதம், அங்க 75 சதவீதம் பசங்க தேறினாங்க"ன்னு ஒப்பிடறதுல அர்த்தமே இல்ல. ரேட்டிங் வெப்சைட்ல ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் போடற மார்க்கும் அந்தந்த மாநிலத்துக்குள்ள ஒப்பிட்டுப் போடறதுதான், நியூஜெர்சி 8ம் பென்சில்வேனியா 8ம் ஒண்ணு இல்ல. எல்லா மாநிலத்துக்கும் ஒரே பரீட்சைன்னா அது என்ஏஈபிங்கற தேசியத் தேர்வு, நாலாவது எட்டாவது கிளாஸ் பசங்களுக்கு வெப்பாங்க, அதுல நியூஜெர்சி எப்பவும் முன்னணிலதான் இருக்கும், ஆனா அது மாநில அளவுல சொல்லுமே தவிர உங்க டிஸ்ட்ரிக்டைப் பத்திச் சொல்லாது. டிஸ்ட்ரிக்டை ஒரே அளவுகோல்ல பாக்கணும்னா ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி நாடு முழுக்க எல்லா டிஸ்ட்ரிக்டையும் ஒரே ஸ்கேல்ல கொண்டு வந்து மேப்பா போட்டிருக்காங்க, எஜுகேஷனல் ஆப்பர்ச்சுனிட்டி ப்ராஜெக்ட்னு தேடுங்க. அதுல சராசரி மார்க்கை விட "ஒரு வருஷத்துல பசங்க எவ்வளவு முன்னேறினாங்க"ங்கற கோடுதான் எனக்கு உபயோகமா இருந்தது, ஏன்னா சராசரி மார்க் பாதி அப்பா அம்மாவோட படிப்பையும் வசதியையும்தான் காட்டும்.

அதுக்கப்புறம் உங்க குழந்தைக்கு எது வேணுமோ அதைத் தேடுங்க. என் பையன் அப்ப ஏழாவது, கணக்குல ஒரு வருஷம் முன்னாடி போயிட்டு இருந்தான். புது ஸ்கூல்ல அந்த பிளேஸ்மெண்ட்டை அப்படியே எடுத்துக்குவாங்கன்னு நெனச்சோம், அவங்க அவங்களோட டெஸ்ட் எழுதச் சொன்னாங்க, அதுவும் ஆகஸ்ட்லதான், அவனுக்கு அந்த சம்மர் முழுக்க ஒரே டென்ஷன். முன்னாடியே மேத் கரிகுலம் சூப்பர்வைசர்ட்ட பேசியிருந்தா ஜூன்லயே முடிஞ்சிருக்கும். அதனால கேக்க வேண்டியது: அல்ஜீப்ரா ஒன் எந்தக் கிளாஸ்ல சொல்லித் தர்றாங்க, எத்தனை பேர் முன்னாடி போறாங்க, வெளி மாநிலத்துல இருந்து வர்றவங்களுக்கு என்ன டெஸ்ட், கீஸ்டோன் பரீட்சைய (பென்சில்வேனியால சில பாடம் முடிச்சதும் எழுதற மாநிலத் தேர்வு) எப்ப எழுதணும்.

கிஃப்டட் (விசேஷத் திறமை உள்ள) குழந்தைங்க விஷயத்துல பென்சில்வேனியா ஒரு படி மேல. அங்க சட்டப்படியே கிஃப்டட்னு அடையாளம் கண்டா தனியா எழுத்துல ஒரு பிளான் போட்டுத் தரணும், நியூஜெர்சில சேவை குடுக்கணும்னு சட்டம் இருக்கு, ஆனா ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த மாதிரி பிளான் கிடையாது. ஐஇபி (சிறப்புக் கல்வி தேவைப்படற குழந்தைக்கு ஸ்கூல் எழுத்துல போடற திட்டம்) இருக்கற குழந்தைன்னா பெடரல் சட்டப்படி புது டிஸ்ட்ரிக்ட் அதுக்கு ஈடான சேவைய உடனே ஆரம்பிக்கணும், அப்புறம்தான் அவங்க புதுசா மதிப்பீடு பண்ணுவாங்க. பழைய ஐஇபி, ரிப்போர்ட் எல்லாம் கையில காப்பியா எடுத்துட்டு வாங்க, "ஸ்கூல் அனுப்பும்"னு காத்திருக்காதீங்க. இஎஸ்எல்ல (இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாத பசங்களுக்கான வகுப்பு) இருக்கற குழந்தைக்கு ரெண்டு மாநிலமும் விடாங்கற ஒரே இங்கிலீஷ் டெஸ்ட்தான், அந்த ஸ்கோர் கைகுடுக்கும்.

நியூஜெர்சி பக்கம் பெரிய பலம் ஒண்ணு, கவுண்டி அகாடமிங்க (கவுண்டி நடத்தற, தேர்ந்தெடுத்துச் சேத்துக்கற ஹைஸ்கூல்). மிடில்செக்ஸ் கவுண்டி அகாடமி, மான்மவுத்துல ஹை டெக்னாலஜி ஹைஸ்கூல், பெர்கன் கவுண்டி அகாடமிஸ், இந்த மாதிரி, கவுண்டில குடியிருந்தா எட்டாவதுல அப்ளை பண்ணலாம், டியூஷன் பீஸ் கிடையாது. பென்சில்வேனியால இந்த அளவுக்குப் பரவலா இல்ல, டவுனிங்டவுன் ஸ்டெம் அகாடமி மாதிரி இருக்கறதும் அந்த டிஸ்ட்ரிக்ட் பசங்களுக்குத்தான். உங்க குழந்தை ஏழாவதுல இருந்து அந்த கனவுல இருக்குன்னா, அதை ஷீட்ல எழுதாம நீங்க மட்டும் முடிவு எடுக்காதீங்க.

சின்னக் குழந்தை வெச்சிருக்கறவங்க கிண்டர்கார்டன் ரெண்டு விஷயம் பாக்கணும், பிறந்த தேதி கட்-ஆஃப் (நியூஜெர்சில அக்டோபர் 1 சகஜம், பென்சில்வேனியால பல டிஸ்ட்ரிக்ட்ல செப்டம்பர் 1), அப்புறம் முழு நாளா அரை நாளா. அரை நாள்னா மீதி அரை நாளுக்கு டேகேர் செலவு, அந்த ஒரு வருஷம் வீட்டு வரி மிச்சம் மொத்தமும் அதுலயே போயிடும். செப்டம்பர் கடைசில பிறந்த குழந்தைக்கு ஆத்தைத் தாண்டினா ஒரு வருஷமே தள்ளிப் போகலாம், டேகேர் இன்னும் ஒரு வருஷம்.

பெரிய பசங்கன்னா பத்தாவது பதினொண்ணாவதுல மாத்தாம இருக்க முடிஞ்சா இருங்க. ஜிபிஏல (மார்க் சராசரி) கஷ்டமான பாடத்துக்குக் கூடுதல் மதிப்பு குடுக்கற விதம் டிஸ்ட்ரிக்டுக்கு டிஸ்ட்ரிக்ட் வேற, டீச்சர் ரெகமண்டேஷன் குடுக்கற அளவுக்குப் பழக நேரமும் இருக்காது. காலேஜ் பீஸும் சேத்துப் பாருங்க, பென் ஸ்டேட்ல உள்ளூர்க்காரங்களுக்கே பீஸ் நாட்டுல அதிகம்னு சொல்ற லிஸ்ட்ல இருக்கு, ரட்கர்ஸ் அதைவிடக் கம்மி. உள்ளூர் பீஸ் கிடைக்க வழக்கமா 12 மாசம் குடியிருப்பு கேப்பாங்க, அதனால பன்னண்டாவது முடியறப்ப மாறி, ரெண்டு மாநிலத்துலயும் உள்ளூர் பீஸ் கிடைக்காம மாட்டிக்காதீங்க.

விசால இருக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதை மறந்துட்டு நிறைய பேர் லீஸ்ல கையெழுத்துப் போட்டுடறாங்க. ஹெச்-1பி வேலை விசால வாரத்துல சில நாள் வீட்ல இருந்து வேலை பாத்தா உங்க வீடும் வேலை இடம்தான். பிளெயின்ஸ்பரோ நியூயார்க் மெட்ரோ ஏரியா, பக்ஸ் கவுண்டி பிலடெல்பியா மெட்ரோ ஏரியா. ஏரியா மாறினா பெட்டிஷனை (கம்பெனி போட்ட விசா மனு) திருத்தி பைல் பண்ண வேண்டி வரலாம், கிரீன் கார்டுக்கான பெர்ம் (தொழிலாளர் துறை ஒப்புதல்) நடுவுல இருந்தா அதுவும் வேலை இடத்தோட கட்டினது. கம்பெனி வக்கீல்ட்ட எழுத்துல பதில் வாங்கிட்டு அப்புறம் வீடு பாருங்க. அட்ரஸ் மாத்தினதைக் குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 ஃபார்ம்ல 10 நாளுக்குள்ள சொல்லணும்.

முடிஞ்சா முதல் வருஷம் அதே ஸ்கூல் எல்லைக்குள்ள வாடகைக்கு இருங்க, நாங்க அப்படித்தான் பண்ணோம், வீடு வாங்கினப்ப எந்த எலிமெண்டரிக்கு எல்லை மாத்தப் போறாங்கன்னு தெரிஞ்சே வாங்கினோம். காலைல ஏழரை மணிக்கு ஒரு தடவை நிஜமா ஆபீசுக்கு ஓட்டிப் பாருங்க, ஆத்து மேல இருக்கற ஸ்கடர் ஃபால்ஸ் பாலத்து டோலையும் மாசக் கணக்குல சேருங்க. ஸ்கூல் பஸ் வருமான்னும் கேளுங்க, நியூஜெர்சில எட்டாவது வரைக்கும் 2 மைலுக்கு மேல, ஹைஸ்கூலுக்கு 2.5 மைலுக்கு மேல இருந்தாத்தான் கட்டாயம், அதுக்குள்ளன்னா சில டவுன்ல காசு கட்டணும்.

முடிவு பண்ணிட்டீங்கன்னா, வாங்கி வெக்க வேண்டியது: தடுப்பூசி ரெக்கார்டு, பர்த் சர்டிபிகேட் இல்லன்னா பாஸ்போர்ட், லீஸ் அல்லது வீட்டுப் பத்திரம், அட்ரஸ் காட்டற ரெண்டு பில் (கரண்ட், தண்ணி மாதிரி), கடைசி ரிப்போர்ட் கார்டு, டிரான்ஸ்கிரிப்ட். விசா பேப்பர் கேக்க ஸ்கூலுக்கு உரிமை கிடையாது. பேப்பர் சரியா இருந்தா பென்சில்வேனியால 5 வேலை நாளுக்குள்ள சேத்துக்கணும். அங்க பல ஸ்கூல் ஆகஸ்ட் கடைசிலயே திறந்துடும், நியூஜெர்சி மாதிரி லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) தாண்டின்னு நெனச்சு இந்தியா டிக்கெட் போட்டுடாதீங்க. காரை 20 நாளுக்குள்ள ரெஜிஸ்டர் பண்ணணும், லைசென்ஸ் 60 நாளுக்குள்ள, விசால இருக்கறவங்க ஐ-94ம் (நாட்டுக்குள்ள வந்த பதிவு) ஐ-797ம் (விசா மனு ஒப்புதல் கடிதம்) ஒரிஜினலா எடுத்துட்டுப் போங்க.